பொய் கற்ற பொறிமூளை



மகிழுந்தின் புகைக்குழாயில் விரலளவே உள்ள உணரி ஒன்று பொருந்தியிருக்கிறது. புகையில் எஞ்சிய உயிர்வளியை அது கணிப்பொறிக்கு மின்குறியால் அறிவிக்கும். கன்னெய் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு, எடையளவில் இதுவே நிறைகலவை. உயிர்வளி மிகின் கணிப்பொறி எண்ணெயைக் கூட்டும், குறையின் குறைக்கும். நொடிதோறும் நிகழும் இத்திருத்தத்தால்தான், வினையூக்கிக் கலம் கார்பன் மோனாக்சைடு, எரியாத எண்ணெய், நைட்ரசன் ஆக்சைடு ஆகிய மூன்று நஞ்சினையும் ஒருங்கே மாற்றுகிறது. 1976-இல் சுவீடனின் வால்வோ நிறுவனம் இவ்வமைப்புடைய வண்டியைக் கலிபோர்னியச் சந்தைக்கு விடுத்தது.

காக்க வந்த கருவி பொய் சொல்லுமா? சொல்ல வைத்தால் சொல்லும்! செருமனியின் வோக்சுவாகன் நிறுவனம் தன் டீசல் வண்டிகளின் கணிப்பொறிக்கு அதையே கற்பித்தது. திசைமாற்றியின் நிலை, விரைவு, ஓடும் நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றால் ஆய்வு நடப்பதை அது உணரும். உடனே தூய்மைப் பணியை முழுமையாய்ச் செய்யும். சாலையில் இறங்கியதும் தளர்த்திவிடும். நைட்ரசன் ஆக்சைடு வரம்பினும் 40 மடங்குவரை பெருகியது. 2015 செப்தம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவ்வஞ்சகத்தை வெளிப்படுத்தியது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலக்கம் வண்டிகளில் அந்நிரல் இருந்ததை நிறுவனமும் ஒப்பியது.

ஆய்வுக்கூடத்தில் மட்டும் அளந்த அளவை ஏமாந்தது. ஆதலின் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதுவகை வண்டிகளை ஓடும் சாலையிலும் அளக்கச் செய்தது. இந்தியாவிலும் 2023 ஏப்பிரல் முதல் அம்முறை கட்டாயமாயிற்று.

பொறி தானாகப் பொய்ப்பதில்லை; அதற்கு ஆணை எழுதிய கையே பொய்த்தது. மூச்சுக்காற்றைக் காக்க நுண்ணறிவு மட்டும் போதாது; நேர்மையும், அதனை விழிப்போடு அளக்கும் கண்ணும் வேண்டும்!