பேச்சும் கருவியும்: கறுப்பினக் கல்லூரிகளின் வகுப்பறை



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. அவைக்கு அளித்த மனுவின் பிரதி கிடைக்குமா என்று அதில் கேட்டிருந்தார். டு பாய்ஸ் பதில் எழுதினார். அவர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தவர். அந்த வகுப்பறைகளோடு நமக்குள்ள உறவு நேற்று முளைத்ததல்ல.

1964க்கு முன் கறுப்பின மக்களின் கல்விக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளை அமெரிக்கச் சட்டம் ‘வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள்’ என்கிறது. ஏறத்தாழ நூறு கல்லூரிகள் இன்றும் இயங்குகின்றன. அங்கே தொழில்நுட்பம் என்றதும் பலரும் டஸ்கிகியைச் சொல்வார்கள். 1906இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த குதிரை வண்டி, விதையும் உழவுக் கருவிகளும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. கல்லூரிக்கு வர முடியாத குத்தகை விவசாயியின் நிலத்துக்கே கல்லூரி போனது. நல்ல வேலைதான். ஆனால் முதலில் கைத்தொழில், உயர்கல்வியும் வாக்குரிமையும் பிறகு என்ற புக்கர் வாஷிங்டனின் போக்கை 1903இலேயே டு பாய்ஸ் கண்டித்தார். குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த மண்ணில் இதை விளக்க வேண்டியதில்லை.

எனவே நாம் பேச வேண்டியது வேறொரு கருவியைப் பற்றி: ஒலிப்பதிவுக் கருவி.

லொரென்சோ டவ் டர்னர் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர். 1929 கோடையில் தென் கரோலினா அரசுக் கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். அதுவும் கறுப்பினக் கல்லூரிதான். அங்கே இரண்டு மாணவர்கள் பேசிய பேச்சு அவர் காதில் விழுந்தது. கடலோரத் தீவுகளின் ‘கல்லா’ மொழி அது. (பெயரைப் பார்த்துக் கல்லாதவர் மொழி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே படித்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள்.) உடைந்த ஆங்கிலம், குழந்தைப் பேச்சு என்று வெள்ளை அறிஞர்கள் ஒதுக்கிய மொழி. வகுப்பில் அதைத் திருத்துவதுதான் ஆசிரியரின் வேலை என்று கருதப்பட்ட காலம். டர்னர் திருத்தவில்லை. கனமான பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தீவுகளுக்குப் போனார். ஆப்பிரிக்க மொழிகளைத் தேடிப் படித்தார். 1949இல் வந்த அவரது நூல், அந்தப் பேச்சில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்கள் உயிரோடிருப்பதைக் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை மனிதர்களின் பெயர்கள். அடிமைச் சந்தை ஒரு பெயர் வைத்தது, வீட்டில் இன்னொரு பெயர் இருந்தது.

ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் ஊரில் அமீலியா டாலி என்ற பெண் பாடிய பாட்டையும் அவர் பதிவு செய்தார். அது சியரா லியோனின் மெண்டே மொழிப் பாட்டு. பல பத்தாண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் அந்த ஒலிப்பதிவோடு போனபோது, அங்கே ஒரு கிராமத்துப் பெண் அதைச் சாவுச் சடங்குப் பாட்டாகப் பாதுகாத்து வைத்திருந்தார். 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தார். இத்தனைக்கும் தொடக்கம், ஒரு வகுப்பறையில் ஓர் ஆசிரியர் காது கொடுத்துக் கேட்டது.

இன்றைக்கு வருவோம். அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை 2020இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. வெள்ளையர் பேச்சில் சராசரியாக நூற்றுக்கு 19 சொற்கள் பிழையாயின. கறுப்பினத்தவர் பேச்சில் 35. மூன்றில் ஒரு சொல்லுக்கு மேல்! இயந்திரத்திடம் பேசும்போது பலர் தங்கள் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றிய பேச்சையே இயந்திரமும் மேலும் மேலும் கற்கிறது. பழைய வகுப்பறையில் பிரம்பு செய்த வேலை இது.

ஹோவர்ட் பல்கலைக்கழகம் கூகுளோடு சேர்ந்து 32 மாநிலங்களில் 600 மணிநேரக் கறுப்பின ஆங்கிலப் பேச்சைத் திரட்டியது. தரவின் உரிமை ஹோவர்டிடம் இருக்கிறது. பிற கறுப்பினக் கல்லூரிகளுக்கே முதல் வாய்ப்பு. கூகுளும் தன் பொருள்களை மேம்படுத்த அதைப் பயன்படுத்தலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நிறுவனத்தின் பெருந்தன்மை என்று இதைக் கொண்டாட நமக்கு விருப்பமில்லை. ஆனால் உரிமை யாரிடம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியது சின்ன விஷயமில்லை.

வாங்க முடிந்தது ஹோவர்டுக்கு. எல்லோராலும் முடியாது. கறுப்பின நிலக்கொடைக் கல்லூரிகளுக்கு முப்பது ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைவாகத் தரப்பட்டிருக்கிறது என்று 2023இல் ஒன்றிய அரசே 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது. ஆய்வகமும் கணினியும் இல்லாத கல்லூரி எந்த நிறுவனத்தோடு என்ன பேரம் பேசும்?

மாணவத் தோழர்களிடம் ஒரு கேள்வி. நம் பாட்டிமார் பாடிய ஒப்பாரியை, நம் பறையிசையைப் பதிவு செய்துகொண்டு போனவர்கள் உண்டு. அந்த நாடாக்கள் இப்போது யாருடைய அலமாரியில் இருக்கின்றன, கேட்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் கலந்துரையாடலில் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.