முதுமையா, குருதி நோயா?

பத்து வயதான நாய் உணவை முகர்ந்துவிட்டு அகன்றாலும், மாடிப்படியில் பாதியிலே நின்றாலும், நாம் வயதின்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். அவ்வேளையில் அதன் மேலுதட்டைத் தூக்கி ஈறுகளைப் பார்ப்பது நலம். ஈறு கறுத்த நாயாயின் கண்ணின் கீழிமையை விலக்கிப் பார்க்கலாம். இளஞ்சிவப்பாய் இருக்க வேண்டிய இடம் வெளுத்திருந்தால் அது முதுமையன்று, சோகை. நம் நாட்டில் அதற்கு அடிக்கடி காரணமாய் அமைவன உண்ணிகள் பரப்பும் குருதி ஒட்டுண்ணிகள்.

அவற்றுள் ஒன்று பபீசியா கிப்சோனி. தமிழகத்திற்கும் இதற்கும் பழந்தொடர்பு உண்டு. 1910-ஆம் ஆண்டில் பாட்டன் என்னும் ஆராய்ச்சியாளர் இதை முதன்முதல் விவரித்தது, சென்னை வேட்டைக் குழுவின் நாய்களுடைய குருதியில் கண்டுதான். பின்னர் நரியின் குருதியிலும் கண்டார். பஞ்சாபிலும் அஸ்ஸாமிலும் கேரளத்திலும் இது பதிவாகியுள்ளது. ஆகவே நாம் எம்மாநிலத்தில் குடியிருந்தாலும் இதனை மறந்திருத்தல் இயலாது.

இவ்வுயிர் சிவப்பணுவினுள் புகுந்து பெருகி அதனை உடைக்கிறது. உடலின் தற்காப்பு ஆற்றலும் குழம்பி, நோயற்ற அணுக்களையும் சேர்த்தே அழிக்கிறது. மண்ணீரல் வீங்கும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும், சிறுநீர் கருஞ்சிவப்பாகலாம்.

பெரிய வகைப் பபீசியாவை அடக்கும் பழைய ஊசிமருந்துகள் இச்சிறிய வகையை அவ்வளவாக அடக்குவதில்லை. அட்டோவாகுவோன், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பத்து நாள் கொடுக்கும் முறை உண்டு. முன்னது கொழுப்புள்ள உணவோடு சென்றால்தான் உடலில் நன்கு சேரும். விலையுயர்ந்த அம்மருந்தை வெறும் மோர்ச்சோற்றில் கலந்து கொடுப்பது வீண் செலவு. இத்தனைக்குப் பின்னும் கிருமி முற்றிலும் ஒழிந்துவிடும் என்று உறுதி கூற இயலாது. கண்ணாடித் துண்டில் பரப்பிய குருதியில் அது தென்படாமலே உடலில் பதுங்கியிருக்கும். பி.சி.ஆர். சோதனை அதனினும் நுண்ணியது.

எனவே, 'குணமாகிவிட்டதா?' என்று கேட்பதைவிட, 'அடங்கியிருக்கிறதா?' என்று கேட்பதே பொருத்தம். குருதியில் சிவப்பணுக்களின் அளவு நலமுள்ள நாய்க்கு ஏறக்குறைய 37 முதல் 55 விழுக்காடு. மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் இதனைச் சோதித்து, ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வரவேண்டும். ஓர் எண்ணைவிட அவ்வரிசை பன்மடங்கு பேசும். முதிய நாய்க்கு மூட்டுவலியும் அரிப்பும் வருவது வழக்கம். அதற்கென ஸ்டீராய்டு எழுதப்படுமானால், இந்நோயின் வரலாற்றை உடனே மருத்துவரிடம் சொல்லிவிடுக. பதுங்கிய கிருமியை அம்மருந்து எழுப்பிவிடக்கூடும். காய்ச்சலுக்கு நம் வீட்டுப் பாராசிட்டமாலைக் கொடுத்தல் தகாது. இந்த நாயின் குருதியைப் பிற நாய்க்கு ஏற்றவும் கூடாது. கடிச்சண்டையாலும் நோய் பரவும்.

உண்ணியை நாயின் உடலில் மட்டும் தேடுவோர் பலர். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் கழிகிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வாடகை வீடாயினும் அவ்வெடிப்புகளைப் பூசிவிடுவது நன்று.

விடுமுறைக்கு டில்லியிலிருந்து சென்னை செல்வோர், நாயை ஒன்றரை நாள் இரயிலில் ஏற்றிச் செல்ல எண்ணலாம். வெப்பமும் அச்சமும் அடங்கிய நோயை மீட்டும் கிளப்பக்கூடும். பயணத்திற்கு முன் குருதியைச் சோதித்து, அளவு குறைந்திருந்தால் நாயைப் பழகிய ஒருவரிடம் விட்டுச் செல்க. அவரிடம் அந்தக் குறிப்பேட்டையும் கொடுத்து, ஈறு பார்க்கும் முறையைக் காட்டிவிடுக.