உழைச்செல்வான்



மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் வகுத்த திருவள்ளுவர், நோயாளி, வைத்தியன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது நான்காவதாக 'உழைச்செல்வான்' என்று ஒருவனையும் எண்ணினார். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலே இருந்து வேண்டுவன செய்பவன் என்பது பொருள். வைத்தியனோடும் மருந்தோடும் ஒரே வரிசையில் இவனை வைத்த நுட்பம் எண்ணத்தக்கது. வீட்டிலே நோயுற்றுக் கிடப்பவருக்கு மனைவியோ மகளோ உழைச்செல்வோராக அமைந்துவிடுவர். தெருவிலே விழுந்தவருக்கு யார் உளர்? சந்தையிலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் வைத்தியசாலை வாயிலை அடையும்வரை, அவர் பக்கத்தில் இருப்பவர் யார்? செல்வம் கொழித்த ஐக்கிய அமெரிக்காவிலேகூட 1960கள் வரையில் இக்கேள்விக்குத் தகுந்த விடை இருக்கவில்லை.

பென்சில்வேனியா மாநிலத்திலே, உருக்குத் தொழிலாற் பெயர்பெற்ற நகரம் பிற்ஸ்பர்க். அக்காலத்தில் அங்கே ஒருவருக்குத் திடீரென நோய் கண்டால் பொலிஸ் வண்டியே வரும். வேறு பல ஊர்களிலோ பிரேத ஊர்தி நடத்துவோர் அவ்வேலையையும் செய்தனர். பிணம் சுமக்கும் வண்டியே உயிருள்ளவரையும் சுமந்தது. பொலிஸ் வண்டியில், கைதிகளை ஏற்றும் இடத்திலே நோயாளியைக் கிடத்திவிட்டுப் பொலிசார் முன்னாசனத்தில் ஏறி ஓட்டிச் செல்வர். பின்னே நோயாளி தன்னந்தனியே கிடப்பார். மூச்சு நின்றாலும் அறிவார் இல்லை. கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த 'ஹில்' என்னும் பகுதியிலே நிலைமை இன்னும் கொடிது. பொலிசாரைக் கண்டு அஞ்சிய மக்கள், தாய் தகப்பன் நோயுற்ற வேளையிலும் அவர்களை அழைக்கத் தயங்கினர். அழைத்தாலும் வண்டி வருமோ என்ற ஐயம் வேறு.

வறியவருக்கு மாத்திரம் வந்த துன்பமென்று இதனைக் கருதவேண்டா. 1966ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிற்ஸ்பர்க்கின் முன்னாள் மேயரும் அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநருமான டேவிட் லோரன்ஸ் தேர்தற் கூட்டமொன்றிலே மயங்கி விழுந்தார். அவரையும் பொலிஸ் வண்டியே கொண்டுசென்றது; அம்மாதமே அவர் இறந்தார். அதே ஆண்டில், அந்நகரத்து மயக்கமருந்து நிபுணரான பீற்றர் சாபர் என்பவரின் சிறு மகள் ஆஸ்துமாவினால் மாண்டாள். வியன்னாவிலே பிறந்த இச்சாபர் யார் என்றால், மூச்சு நின்றவரின் வாயோடு வாய் வைத்து ஊதி உயிரளிக்கும் முறையை 1950களில் ஆராய்ந்து நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர்! ஊராரின் உயிரைக் காக்கும் முறை கண்டவரின் வீட்டிலேயே பிள்ளை போயிற்று. அத்துயரத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை.

1967ஆம் ஆண்டிலே 'பிரீடம் ஹவுஸ்', அதாவது விடுதலை இல்லம், என்ற பெயரில் ஓர் அம்புலன்ஸ் சேவை ஹில் பகுதியிலே தோன்றியது. பிலிப் ஹலன் என்பவரின் தலைமையிலிருந்த அறநிதியம் ஒன்று இதற்குத் துணைநின்றது. சேவைக்குச் சேர்க்கப்பட்டவர்களைப் பார்த்து நகரம் நகைத்தது. பெரும்பாலோர் வேலையற்ற கறுப்பின வாலிபர். பள்ளிப்படிப்பை இடையிலே விட்டவர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர், சிறை கண்டவர் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். எதற்கும் உதவாதவர்கள் என்று சமூகம் தள்ளிவைத்த அவர்களுக்கே சாபர் ஏறத்தாழ 300 மணித்தியாலப் பயிற்சி அளித்தார். உடற்கூற்றியல், மூச்சுப்பாதையைத் திறத்தல், நெஞ்சை அழுத்தி இருதயத்தை இயக்குதல், பிள்ளைப்பேறு பார்த்தல் எல்லாம் பாடமாயின. வண்டியின் உள்ளமைப்பையும் அவரே திட்டமிட்டார். நோயாளியுடன் ஒருவர் கூடவே இருந்து வழியெல்லாம் சிகிச்சை செய்யத்தக்க இடம் அதிலே இருந்தது. உழைச்செல்வானுக்கு வண்டியிலே ஆசனம் கிடைத்தது எனலாம்.

ஆயினும் பயிற்சியினால் மாத்திரம் அச்சேவை பெயர்பெறவில்லை. அவ்வாலிபர்களுட் பலர் அத்தெருக்களிலேயே வளர்ந்தவர்கள். தூக்கிச் செல்லப்படும் கிழவியை ஒரு சுமையாக அன்றி, அயல்வீட்டுத் தாயாகவே அவர்கள் கண்டனர். தாம் இழிவாக நடத்தப்பட்டோர் ஆதலின், இழிவு எப்படி நோகும் என்பதை ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெள்ளையர் வாழும் பகுதிக்குச் சென்றபோதோ, உயிர்போகும் நிலையிலும் 'என்னைத் தொடாதே' என்ற நோயாளரை அவர்கள் கண்டதுண்டு. வைத்தியசாலையிலே அவர்களைக் கூட்டித் துடைக்கும் ஊழியரென்று எண்ணி ஏவியவர்களும் உண்டு. அவ்வேளைகளிற் பொறுமை காத்துப் பணியை முடிப்பது எளிய செயலன்று.

1970களின் நடுவிலே நான்சி கரோலைன் என்ற இளம் பெண் வைத்தியர் அவர்களின் மருத்துவப் பொறுப்பாளராக வந்தார். பிற்காலத்தில், 1979இல், இத்துறைக்கு அவர் எழுதிய பாடநூலின் பெயரே 'தெருக்களில் அவசர சிகிச்சை' என்ற பொருளுடையது. மருத்துவ நூலொன்றின் தலைப்பிலே தெரு ஏறியது சிறு செய்தியன்று. ஆனால் அந்நூல் வெளிவருமுன்னரே விடுதலை இல்லம் மூடப்பட்டுவிட்டது. 1975ஆம் ஆண்டு ஒக்டோபரில் நகரசபை தன் சொந்தச் சேவையைத் தொடங்கி, இதற்கு உதவுவதை நிறுத்தியது. புதிய சேவையிலே சேர்க்கப்பட்ட பழையவர்களுட் பலர் நாளடைவில் வெளியேறும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். வழிகாட்டியவர்களுக்கு நகரம் செய்த கைம்மாறு அதுவே! இன்று பல நாடுகளிலும் வீதிகளில் விரையும் அம்புலன்ஸ் ஊழியரின் பயிற்சியிலே அவர்கள் வகுத்த முறையின் சாயல் உண்டு.

அன்பு என்பது சிகிச்சையின் மேலே தெளிக்கப்படும் பன்னீர் என்று சிலர் நினைப்பதுண்டு. அவ்வாறன்று, அது சிகிச்சையின் ஓர் உறுப்பேயாகும். ஓர் உதாரணம் பாருங்கள். வீதியோரத்திலே ஒருவர் தள்ளாடுகிறார், நாக்குழறுகிறது, வியர்வை வழிகிறது, உதவ வந்தவரை ஏசுகிறார். 'குடிகாரன்' என்று கூட்டம் தீர்ப்புக் கூறிவிடுகிறது. ஆனால் நீரிழிவு நோயாளரின் இரத்தத்திலே சீனி அளவுக்குமீறிக் குறைந்தாலும் இதே குறிகள் தோன்றும். பக்கத்திலே குந்தி, அவர் முகத்தைப் பார்த்து, 'ஐயா, உங்கள் பெயர் என்ன? காலையிலே சாப்பிட்டீர்களா?' என்று கேட்கும் ஊழியர் நோயைக் கண்டுபிடிப்பார். கூட்டத்தோடு கூடி எள்ளி நகையாடுபவர் ஓர் உயிரை இழப்பார். அவர் மெய்யாகவே குடித்தவராயினும் என்ன? தலையிலே அடிபட்ட குடிகாரருக்கும் மண்டைக்குள்ளே இரத்தம் கசியுமன்றோ?

நல்ல ஊழியர் நோயாளியின் தலைக்குமேலே நின்று மற்றவரோடு பேசுவதில்லை, நோயாளியோடேயே பேசுவார். தொடுமுன் சொல்லுவார்: 'அம்மா, கையைப் பிடித்து நாடி பார்க்கப்போகிறேன்; இந்த முகமூடி மூச்சுக்கு ஒட்சிசன் தருவது.' காயம் பார்க்கச் சட்டையை வெட்டவேண்டுமாயின் வெட்டுவார். பார்த்து முடிந்ததும் துணியாற் போர்த்துவார். வீதியிலே எட்டிப்பார்க்கும் நூறு கண்களுக்கும், அண்மைக்காலத்தில் நீளும் நூறு கைத்தொலைபேசிகளுக்கும் இடையிலே, ஒரு போர்வை எத்தனை பெரிய கொடை! மயங்கிக் கிடப்பவர் கேட்கமாட்டார் என்றெண்ணி, 'இது தேறாது' என்று அவர் காதருகே சொல்லவுமாட்டார். அசையமுடியாதவர் யாவரும் கேளாதவர் அல்லர்.

நமது நாட்டிலே 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவை, 2016ஆம் ஆண்டில் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களிலே ஆரம்பமாகி, 2018இல் வடக்கிற்கும் வந்தது. நம்மிடையே இச்சேவைக்கு மொழியும் ஒரு மருந்து. வலியிலே துடிக்கும் முதியவர் ஒருவர், தாம் இளமையிற் கற்ற வேற்றுமொழியையும் அந்நேரத்தில் மறந்துவிடுவார். வந்தவர் அவருடைய மொழியிலே 'அப்பு, எங்கே நோகிறது?' என்று கேட்டால் அவரது பாதிப் பயம் நீங்கும். தமிழறியாத ஊழியர் தமிழ்ச் சொற்கள் இருபதையும், சிங்களமறியாதவர் சிங்களச் சொற்கள் இருபதையும் மனனஞ் செய்துகொள்வது பெரிய பாரமன்று. மூச்சு, நெஞ்சு, நோவு, தண்ணீர், பயப்படவேண்டாம் என்பன அவற்றுள் முதலில் வரவேண்டியவை.

வீட்டாருக்கும் இதிலே பங்குண்டு. அழைக்கும்போது வீட்டு இலக்கத்தோடு அருகிலுள்ள கோயிலையோ பாடசாலையையோ குறித்துச் சொல்லுங்கள். இரவாயின் ஒழுங்கை முகப்பிலே ஒருவர் வெளிச்சத்தோடு நிற்கட்டும். நோயாளியின் பக்கத்திலே ஒருவர் மாத்திரம் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசட்டும். ஏனையோர் காற்றை மறியாது விலகி நிற்கட்டும். கிளினிக் கொப்பியையும், குடிக்கும் மாத்திரைகளையும் ஒரு பையிலே போடுங்கள். மூக்குக்கண்ணாடியையும் மறவாதீர்கள். பல முதியவர் வைத்தியசாலையிலே கண் விழித்ததும் முதலில் தேடுவது அதனைத்தான்.