சங்கின் மேல் சித்திரம் தீட்டியவர் யார்?



இராமேசுவரத்துக்குக் கடன் வாங்கிப் போகிறவர்கூட மூட்டையில் ஒரு சங்காவது நாலு சோழியாவது கொண்டுவராமல் திரும்புவதில்லை. அதன் மேலுள்ள கோட்டையும் புள்ளியையும் காட்டி, "ஆண்டவன் நம் கண்ணுக்கு விருந்தாகத் தீட்டியதல்லவா இது?" என்று நம்மைக் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் பதிலுக்குக் காத்திராமல் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அதுதான் நமக்குப் புரிவதில்லை.

ஓட்டுக்குள் வசிக்கும் பிராணிக்கு வாயோரத்தில் போர்வை போல் ஒரு சதை உண்டு. சுண்ணாம்பைச் சுரந்து ஓட்டை நீட்டிக்கொண்டே போவது அதுதான். அந்தச் சதை சில இடங்களில் சாயத்தையும் கலந்துவிடுகிறது. ஒரே இடத்தில் விடாமல் கலந்தால் கோடு. விட்டு விட்டுக் கலந்தால் புள்ளி. பரமக்குடி நெசவாளி நூலை மாற்றினால் சேலையில் கரை விழுகிறதல்லவா? அதற்கு யாரும் விளக்கேற்றிக் கும்பிடுவதில்லை.

கண்ணுக்கு விருந்து என்பதையும் பார்ப்போம். மன்னார் குடாவில் கூம்பு வடிவச் சங்குகள் பல ஜாதி உண்டு. (இங்கே ஜாதி என்றால் வகை, உயர்வு தாழ்வு இல்லை.) அவற்றில் பல, பகலில் மணலில் புதைந்து கிடப்பவை. உயிரோடிருக்கையில் ஓட்டின்மேல் ஒரு தோல் மூடியிருக்கும். அதைத் திராவகத்தாலோ சுரண்டியோ எடுத்த பிறகே சித்திரம் பளிச்சென்று தெரியும். நமக்காகத் தீட்டியவர் ஏன் அதைப் போர்த்தி மணலில் புதைக்க வேண்டும்?

பிராணி செத்து நெடுங்காலம் ஆனால் சாயமும் நிற்பதில்லை. இராமேசுவரம் தீவில் இன்று கடல்மட்டத்துக்கு மேலே தெரியும் பவழப்பாறை, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் நீருக்குள் உயிரோடிருந்ததென்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பழைய சங்கு பெரும்பாலும் சுண்ணாம்பாய் வெளுத்தே கிடைக்கும். அதன் சித்திரம் அடியோடு தொலைந்ததென்றே நாமும் நினைப்போம்.

தொலையவில்லை. 2015-இல் அமெரிக்கரான ஜோனாதன் ஹென்ட்ரிக்ஸ், கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசில் கிடைத்த கூம்புச் சங்குகளைப் பற்றி எழுதினார். சுமார் 48 லட்சம் முதல் 66 லட்சம் ஆண்டுகள் வரை பழமையானவை. பகலில் பார்த்தால் வெறும் வெள்ளை. புற ஊதாக் கதிரைப் பாய்ச்சியதும் முன்பு சாயம் இருந்த இடங்கள் ஒளிர்ந்தன. அதாவது, அன்று கறுத்திருந்த இடம் இன்று வெளிச்சம். அந்தப் படத்தை மாற்றிப் போட்டால் பழைய கோலம் வந்துவிடுகிறது! அப்படி 28 வகைகளின் கோலத்தைக் கண்டார். அவற்றில் 13 வகை அதுவரை யாரும் பெயரிடாதவை.

நம் மனித இனத்துக்கே வயது சுமார் 3 லட்சம் ஆண்டுதான். 66 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பார்க்க ஆளே இல்லாத காலத்தில், அந்த விருந்து யாருக்கு? யாத்திரைக்காரர் எவரும் இல்லை, கடைக்காரரும் இல்லை.

நம் பக்கத்திலும் பழஞ்சங்குக்குப் பஞ்சமில்லை. காரைக்காலில் நிலத்தடியிலிருந்து கிடைத்தவற்றைப் பற்றி கோஸ்மான் என்ற பிரெஞ்சுக்காரர் 1900 முதல் எழுதினார். கல்லூரியில் படிக்கும் தோழர்கள் ஆசிரியரிடம் கேட்டு இப்படிப்பட்ட ஓடுகளை வாங்கிச் சோதிக்கலாம். ரூபாய் நோட்டைப் பரிசோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் விளக்கும் புற ஊதாக் கதிரைத்தான் விடுகிறது. இருட்டறை வேண்டும். எல்லா ஓடும் ஒளிராது. நாலைந்தைப் பார்க்க வேண்டியிருக்கும். விளக்கை மட்டும் நேராகக் கண்ணால் பார்க்காதீர்கள்.