மின்சுற்றுப் பலகையின் மேற்பூச்சு

உறுப்புகளெல்லாம் பொருத்தி முடித்த மின்சுற்றுப் பலகை ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குங்கள். செம்புத் தடங்கள் சில இடங்களில் தலைமயிர்ப் பருமனே இடைவெளிவிட்டு ஓடுவதைக் காண்பீர்கள். அவ்விடைவெளியில் ஈரமும் உப்பும் சேர்ந்தால், ஒரு தடத்தின் உலோகம் கரைந்து, எதிர்த்தடத்தில் படிந்து, மரக்கிளைபோல் வளர்ந்து பாலமிட்டுவிடும். விமானத்தில் இது நேர்ந்தால் விளைவு என்னவாகும்!

ஆகவே அக்ரிலிக், சிலிக்கோன் போன்றவற்றால் மெல்லிய பூச்சிடுகின்றனர். அவற்றுள் விந்தையானது பாரிலீன்; 1947-இல் மான்செஸ்டரில் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் என்பார் கண்டறிந்தது. தூரிகை வேண்டாம், வெற்றிடத்தில் ஆவியாய் வந்து, உறுப்புகளின் அடியிலும் நுழைந்து படிகிறது. ஆனால் பழுதுபார்க்க அதனை நீக்குவது பெரும்பாடு. அக்ரிலிக்கோ கரைப்பானில் எளிதில் கரையும்.

எப்பூச்சும் நீராவியை அறவே தடுப்பதில்லை என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. ஈயப்பற்று வைக்கும்போது இட்ட பிளக்ஸின் எச்சமோ, விரல் வியர்வையின் உப்போ உள்ளே தங்கினால், ஊடுருவிய ஈரத்தை அது ஈர்த்துக்கொள்ளும், பூச்சு கொப்புளிக்கும். பகைவனை உள்ளே வைத்துக் கதவடைத்த கதைதான். எனவே பலகையை முதலில் கழுவி உலர்த்துகின்றனர். செருகுமுனைகளை ஒட்டுநாடாவால் மறைக்கின்றனர். அங்கே பூச்சு ஏறினால் மின்தொடர்பு அறுந்துவிடுமல்லவா? அதன் பின்னரே பூச்சு.