ஆட்டமும் ஆத்திரமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசுப்பா" என்றார். வேலைவாய்ப்பு, நேர்முகத் தேர்வு என்று ஏதாவது பேசுவேன் என எதிர்பார்த்திருப்பார். சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "விடுதியில ஏற்கெனவே ஆடிக்கிட்டுத்தான் இருக்கானுங்க. நீ வேற வந்து கத்துக் கொடுக்கணுமா?" என்று கேட்டார். "ஆடக் கத்துக் கொடுக்க வரல சார், எழுந்திருக்கக் கத்துக் கொடுக்க வரேன்" என்றேன். பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார். அவருக்கு என் நன்றி.

நான் மணலூர்பேட்டைக்காரன். அப்பா கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவர். எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் ரம்மி உண்டு. போக்கர் என்ற ஆட்டத்தை வேலைக்குப் போன பிறகுதான் கற்றுக்கொண்டேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் விரியும். ஏழில் சிறந்த ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பணம். நடுவில் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், விலகலாம்.

இதில் கையில் வரக்கூடிய சிறந்த ஜோடி இரண்டு ஏஸ். சராசரியாக 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். அதற்கு அடுத்தது இரண்டு ராஜா. ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் நேருக்கு நேர் மோதினால் ஏஸ் ஜோடி 100க்கு ஏறத்தாழ 82 தடவை ஜெயிக்கும். மீதி 18 தடவை தோற்கும். கணக்கு இவ்வளவுதான். பொறியியல் படித்த நமக்கு இது புரியாத விஷயமா? புரியும். ஆனால் அந்த 18 நம் கையில் வந்து விழும்போது மட்டும் புரியாது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கு. அலுவலக வேலையை மணலூர்பேட்டை வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தேன். இரவு எல்லோரும் படுத்த பிறகு போனில் காசு வைத்து போக்கர் ஆடுவேன். ஒருநாள் ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். எனக்கு இரண்டு ஏஸ். எதிராளி முழுப் பணத்தையும் தள்ளினான். நானும் தள்ளினேன். அவனிடம் இரண்டு ராஜா. நான்கு பொதுச் சீட்டு வரை நான்தான் முன்னால். ஐந்தாவதாக வந்து விழுந்தது இஸ்பேட் ராஜா. 3,200 ரூபாய் போயிற்று.

அதோடு போனை வைத்துவிட்டுப் படுத்திருந்தால் இன்று உங்களிடம் சொல்ல எனக்குக் கதையே இல்லை. நான் படுக்கவில்லை. 'இது அநியாயம், இந்தப் பணம் எனக்குச் சேர வேண்டியது' என்று உள்ளே ஒரு குரல். பந்தயத் தொகை பெரிதாக இருக்கும் மேசைக்கு மாறினேன். வழக்கமாகத் தூக்கிப் போடுகிற சீட்டையெல்லாம் வைத்துக்கொண்டு ஆடினேன். ஆட்டம் ஆட்டமாக என் வேகம் கூடிக்கொண்டே போனது. விடியற்காலை நாலு மணிக்குக் கணக்குப் பார்த்தால் மொத்தம் 41,000 ரூபாய் காலி. அது மாடியில் ஓர் அறைக்குத் தளம் போட எடுத்து வைத்திருந்த பணம்.

அந்த நேரம் பார்த்து அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். "இன்னும் தூங்கலயாடா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் அவரைப் பார்த்து என்ன கத்தினேன் என்பதை இந்த மேடையில் சொல்ல முடியாது. அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பல மாதம் கழித்து ஒரு தாளில் அந்த ராத்திரியைக் கணக்காக எழுதிப் பார்த்தேன். சீட்டு எடுத்தது 3,200. ஆத்திரம் எடுத்தது 37,800. அப்பாவிடம் பேசிய பேச்சுக்குத் தொகை போட முடியவில்லை. நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இந்த இரண்டு வரிக் கணக்குதான். தோல்வி சின்னது. தோல்விக்குப் பிறகு நாம் செய்வதுதான் பெரியது.

இந்த நிலைக்குப் போக்கர்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'டில்ட்' என்பார்கள். சாய்ந்து போவது என்று அர்த்தம். இந்தச் சொல் பின்பால் இயந்திரத்திலிருந்து வந்தது. குண்டு நமக்குச் சாதகமாக உருள வேண்டும் என்று ஆடுபவர்கள் இயந்திரத்தையே பிடித்து உலுக்குவார்கள். அதைத் தடுக்க 1930களில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஓர் உலோக வளையத்துக்குள் தூக்குக்குண்டு மாதிரி ஓர் எடை தொங்கும். அளவுக்கு மேல் உலுக்கினால் அது வளையத்தைத் தொடும், மின்சுற்று மூடும், ஆட்டம் அப்படியே நின்றுவிடும். இயந்திரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இருந்தது. நமக்குள் அப்படி ஒன்றை நாமேதான் பொருத்திக்கொள்ள வேண்டும்.

இது ஏன் வருகிறது? டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை விளக்குகிறது. நூறு ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் இழக்கும் வலி மனிதனுக்குப் பெரிது. நட்டத்தை மனம் ஏற்றுக்கொள்ளாத வரை, சாதாரணமாகத் தொடவே தொடாத பந்தயத்தைக்கூட அவன் தொடுவான். கானமனுக்கு 2002இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. போக்கர் ஆட்டக்காரர்களுக்கு மனப்பயிற்சி கொடுக்கும் ஜாரெட் டென்ட்லர், 2011இல் வெளியான தன் நூலில் இந்த ஆத்திரத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறார். தொடர்ந்து தோற்பதால் வருவது, 'எனக்கு மட்டும் அநியாயம் நடக்கிறது' என்பதால் வருவது, தன் தப்பைத் தானே பொறுக்க முடியாமல் வருவது, 'என்னைவிட மட்டமாக ஆடுபவன் ஜெயிப்பதா' என்பதால் வருவது, பழிவாங்கத் தோன்றுவது என்று போகிறது அந்தப் பட்டியல். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது, உன் ஆத்திரம் எந்த வகை என்று முதலில் கண்டுபிடி என்கிறார். என்னுடையது அநியாய வகை.

இதற்கெல்லாம் அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சூது, துகில் நடக்கும் ராத்திரி சின்னப் பிள்ளைகள்கூடத் தூங்க மாட்டார்கள். தருமர் நாட்டைத் தோற்கிறார். நகுலனைத் தோற்கிறார், சகாதேவனைத் தோற்கிறார். அப்போது சகுனி ஒரு வார்த்தை விடுகிறான். மாத்ரி பிள்ளைகளைத்தானே வைத்தாய், பீமனும் அர்ச்சுனனும் உனக்கு ஒசத்தி போலிருக்கிறது என்று குத்திக் காட்டுகிறான். தருமருக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. அடுத்த பணயம் அர்ச்சுனன். பிறகு பீமன், பிறகு தானே, கடைசியில் பாஞ்சாலி. அந்த இடத்தில் சகுனி பகடையை மட்டுமா உருட்டினான்? தருமரையும் சேர்த்தல்லவா உருட்டினான்!

இன்னும் கேளுங்கள். அன்று தோற்றதையெல்லாம் திருதராட்டிரன் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டான். ஆனாலும் மறுபடி கூப்பிட்டதும் தருமர் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பலன்தான் பன்னிரண்டு வருஷ வனவாசம், ஒரு வருஷ அஞ்ஞாத வாசம். தருமம் தெரிந்தவருக்கே இந்தக் கதி.

எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது பார்த்த கூத்து ஒன்று. தருமர் வேஷக்காரர் அடுத்த பணயம் வைக்கப் போகிறார். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி பொறுக்க முடியாமல், "எழுந்து போடா தருமா! போதும்டா, எழுந்து போ!" என்று கத்தியேவிட்டாள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். 2020இல் அந்த நாலு மணிக்கு எனக்கு அப்படிக் கத்த ஒரு பாட்டி இல்லை. கேட்க வந்த அப்பாவையும் நான் விரட்டிவிட்டேன்.

நளன் கதையும் உங்களுக்குத் தெரியும். கலி பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, கால் கழுவியதில் நனையாமல் விட்ட சின்ன இடத்தின் வழியாக அவனுக்குள் புகுந்தான் என்பார்கள். பெரிய கதவெல்லாம் தேவையில்லை. பசி, தூக்கமின்மை, அலுவலகத்தில் வாங்கிய ஒரு திட்டு, இவையெல்லாம் நனையாத இடங்கள்தான். பிறகு இருதுபன்னனிடம் எண்ணும் வித்தையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் கலி அவனை விட்டு ஓடினான். கணக்கு உள்ளே வந்தால் கலி வெளியே போவான். இதைவிடப் பொறியாளனுக்கு என்ன சொல்ல வேண்டும்?

ரம்மியும் போக்கரும் திறமையா, அதிர்ஷ்டமா என்று நம் நாட்டில் வெகுகாலமாக வழக்கு நடந்தது. ரம்மியில் திறமையே பிரதானம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. இணைய ரம்மியையும் போக்கரையும் தடுத்த தமிழகச் சட்டம் 2021 ஆகஸ்டில் ரத்தானது. 2022இல் வந்த அடுத்த சட்டமும் இந்த இரண்டு ஆட்டங்கள் அளவில் 2023 நவம்பரில் நிற்கவில்லை. 2025இல், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை காசு ஆட்டம் கூடாது என்ற விதியைத் தமிழகம் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. நான் பணத்தைத் தொலைத்தது அந்த ஐந்து மணி நேரத்தில்தான்! பிறகு 2025 ஆகஸ்டில், காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்று என்னைக் கேட்டால், கோபம் வரும்வரைதான் அது திறமை ஆட்டம் என்பேன்.

இப்போது நான் காசுக்கு ஆடுவதில்லை. பொங்கலுக்கு வீட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எங்கள் ஊர் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார் அல்லவா, அதற்காகச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருப்பார்கள். ஒரு வேடிக்கை சொல்கிறேன். புளியங்கொட்டைக்கும் அதே ஆத்திரம் வருகிறது! போன தடவை என் அக்கா பையன் சீட்டை விசிறி எறிந்துவிட்டு எழுந்து போனான். ஆத்திரத்துக்குக் காசு ஒரு சாக்குதான். அதனால் கொட்டை வைத்து ஆடும் ஆட்டத்தையே ஆத்திரத்தை அடக்கப் பழகும் களமாக வைத்துக்கொண்டேன். நான் பழகிக்கொண்ட நான்கு வழக்கங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, எழுந்திருக்கும் நேரத்தை உட்காருவதற்கு முன்பே முடிவு செய்வது. எத்தனை மணி வரை, எவ்வளவு தோற்றால் நிறுத்துவது என்று எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவேன். ஆட்டத்தின் நடுவில் முடிவெடுப்பவன் வேறு ஆள், அவனை நம்பக் கூடாது.

இரண்டு, நம் உடம்பின் அடையாளத்தைத் தெரிந்துகொள்வது. எனக்கு இடது கால் ஆட ஆரம்பிக்கும், சீட்டு போடும் வேகம் கூடும். சிலருக்குக் காது சூடாகும். கோபம் வந்தது மனதுக்குத் தெரிவதற்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

மூன்று, விலகுவதைத் தோல்வியாக நினைக்காமல் இருப்பது. ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20 புள்ளி, நடுவில் விட்டால் 40, கடைசி வரை பிடிவாதமாக உட்கார்ந்து மாட்டினால் 80. நம் முன்னோர் இதை ஆட்ட விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விட்டதைப் பிடிக்கப் பணயத்தை ஏற்றுவது மட்டும் ஒருபோதும் கூடாது.

நான்கு, ஒரு நோட்டில் இரண்டு கேள்வி எழுதுவது. ஜெயித்தேனா? சரியாக ஆடினேனா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். அந்த இரண்டு ஏஸ் கையை நான் சரியாகத்தான் ஆடினேன், தோற்றேன். அதற்குப் பிறகு ஆடிய எதையுமே சரியாக ஆடவில்லை, இடையில் ஒன்றிரண்டில் ஜெயித்தும்கூட.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் சீட்டையே தொட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் ஒரு அரியர் விழுந்த கோபத்தில் அடுத்த பரீட்சைக்குப் படிக்காமல் போனவர்களை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். மேலதிகாரி ஒரு வார்த்தை சொன்னதற்கு ராத்திரியோடு ராத்திரியாக ராஜினாமா கடிதம் அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் அடி 3,200தான். மீதியை நாம் சேர்க்காமல் இருந்தால் போதும். யாராவது பணத்தை விட்டுவிட்டு வெளியே சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருந்தால், நண்பனிடம் சொல்லுங்கள், வீட்டில் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். அவமானம் என்று மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் கடன் வளரும்.

நானும் ஆறு மாதம் மறைத்தேன். பிறகு ஒருநாள் அப்பா கட்டிக்கொண்டிருந்த சுவருக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் கையில் தூக்குக்குண்டு. அதைச் சுவரோரம் விட்டு, ஆட்டம் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "குண்டு ஆடிக்கினு இருக்கும்போது கல்லு வைக்கக் கூடாதுடா. அது நிக்கட்டும். அப்புறம் வை."

பின்பால் இயந்திரத்தைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் இவ்வளவு நேரம் பேசியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். தளம் போடுவது ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. அதைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை.