பதிவேட்டில் இருக்கும் பெயர்: பல் மருத்துவரும் ஒழுங்கு விதியும்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



போன கூட்டத்தில் குடிதண்ணீர், தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று பேசினோம். இன்று பல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த காலாண்டில் நம் நகரில் இலவசப் பல் பரிசோதனை முகாம் நடத்தலாம் என்று தீர்மானம் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை நாம் தெரிந்துகொள்வது நல்லது. நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அரசு அலுவலகத்தில் மனுக்களைப் பதிவு செய்கிற நாற்காலியில் பல வருடம் இருந்தவன். எந்த மனு நகரும், எந்த மனு கிடப்பில் கிடக்கும் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும்.

முதலில் வாணியம்பாடியில் நடந்ததைச் சொல்கிறேன். 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை வடதமிழ்நாட்டில் 21 பேருக்கு ஒரு கொடிய மூளை நோய் வந்தது. நியூரோமெலியோய்டோசிஸ் என்று பெயர். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமியால் வருவது. அந்த 21 பேரில் 10 பேருக்கு ஒரு பொதுத் தொடர்பு இருந்தது. வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்திருந்தார்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். பல் வலி என்று போனவர்கள், நோய் தெரிய ஆரம்பித்துச் சில வாரங்களில் போய்ச் சேர்ந்தார்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தாரும், மாநிலப் பொது சுகாதாரத் துறையினரும் சேர்ந்து இதைத் துருவினார்கள். 2025-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் கட்டுரையாக வந்தது. அவர்கள் கண்டது என்ன? பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வாய்க்குள் பயன்படுத்தும் ஒரு கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மிச்சம் இருந்த சலைனைப் பஞ்சால் லேசாக அடைத்து வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் எடுத்திருக்கிறார்கள். ஒரு பாட்டில் சலைன் என்ன விலை இருக்கும்? அந்தச் சிக்கனத்துக்கு எட்டு உயிர்.

இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்த இல்லை. நம் ஊரில் நல்ல பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் கேட்க வந்த கேள்வி வேறு. இப்படித் தவறு செய்கிறவரைத் தட்டிக் கேட்க யார் இருக்கிறார்கள்? அவர்களிடம் நாம் எப்படிப் போவது?

1948-ல் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பதிவேடு உண்டு. நம் மாநிலத்தில் அதை வைத்திருப்பது சென்னையில் உள்ள தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில். பி.டி.எஸ். படித்து முடித்தால் மட்டும் போதாது, அந்தப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏறினால்தான் தொழில் செய்யலாம். பெயர் நீங்கினால் தொழில் கிடையாது. ஒழுங்கு நடவடிக்கை என்பதன் உயிர்நாடி இந்த ஒரு வரிதான்.

பெயரை நீக்கும் அதிகாரம் 41-வது பிரிவில் இருக்கிறது. பொய் சொல்லிப் பதிவு வாங்கியிருந்தால் நீக்கலாம். குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருந்தாலோ, தொழிலில் இழிவான நடத்தை இருந்தாலோ, நெறிமுறையை மீறியிருந்தாலோ, அவர் பதிவேட்டில் இருக்கத் தகுதி இல்லை என்று கவுன்சில் கருதினால் நீக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்கும் நீக்கலாம், நிரந்தரமாகவும் நீக்கலாம். ஆனால் அந்த டாக்டரைக் கூப்பிட்டு, அவர் தரப்பைக் கேட்காமல் செய்ய முடியாது. மேல்முறையீடும் உண்டு.

நெறிமுறை என்றேனே, அது காற்றில் இருப்பது அல்ல. அகில இந்தியக் கவுன்சில் 1976-ல் விதிகளாகப் போட்டு, 2014-ல் திருத்தி வெளியிட்டிருக்கிறது. அதில் நாம் கண்ணால் பார்த்தே சரிபார்க்கக்கூடியவை சில உண்டு.

ஒன்று, டாக்டர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கில் தெரியும்படி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

இரண்டு, நமக்குச் செய்த சிகிச்சையின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

மூன்று, அறுவை சிகிச்சைக்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் பெற்றோரிடமோ காப்பாளரிடமோ வாங்க வேண்டும்.

நான்கு, ஆள் அனுப்பினால் கமிஷன் என்ற பேச்சே கூடாது. கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு.

இந்த நான்கையும் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். டாக்டருக்காக எழுதிய விதி என்றாலும், இதில் முதல் இரண்டும் நமக்கான ஆயுதம். பதிவு எண் இருந்தால் யார் என்று தெரியும். சிகிச்சைப் பதிவு இருந்தால் என்ன செய்தார் என்று தெரியும். இவை இரண்டும் இல்லாத புகார் எந்த அலுவலகத்திலும் நகராது.

அடுத்து நாம் அடிக்கடி தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். பதிவேட்டில் பெயர் உள்ளவரைத்தான் கவுன்சில் ஒழுங்குக்குக் கொண்டுவர முடியும். பெயரே இல்லாதவரிடமிருந்து எந்தப் பெயரை நீக்குவது?

நம் பக்கத்துக் கிராமங்களில் பல்செட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டென்டல் மெக்கானிக் என்று அவர்களுக்கும் சட்டத்தில் தனி இடம் உண்டு. அவர்கள் வேலை, பல்செட் செய்வதும் பழுது பார்ப்பதும். வாய்க்குள் கை வைத்துப் பல் பிடுங்குவதும், மரத்துப்போக ஊசி போடுவதும் அவர்கள் வேலை அல்ல. இன்னொரு வகை, "எங்க அப்பா காலத்துல இருந்து பல் பாக்குறோம்" என்பவர்கள். சட்டம் வந்த காலத்தில், படிப்பு இல்லாவிட்டாலும் குறைந்தது ஐந்து வருடம் இதையே பிழைப்பாகச் செய்து வந்தவர்களுக்குப் பதிவேட்டில் தனிப் பகுதி கொடுத்தார்கள். அது அந்த ஒரு தலைமுறைக்குக் கொடுத்த சலுகை. கடைப் பலகை மகனுக்கு வரலாம், பதிவு வராது.

ஆகவே எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று கதவு இருக்கிறது.

முதல் கதவு, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில். பதிவு பெற்ற டாக்டர் நெறி தவறினால் இங்கே போக வேண்டும். தனியார் கிளினிக்கில் இருந்தாலும் சரி, நம் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருந்தாலும் சரி, பதிவு பெற்றவர் என்றால் இந்த விதி பொருந்தும். இங்கே நஷ்ட ஈடு கிடைக்காது. இனி இன்னொருவருக்கு இப்படி நடக்கக் கூடாது என்பதற்கான கதவு இது.

இரண்டாவது கதவு, நம் மாவட்ட மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். ஜே.டி. ஆபீஸ் என்போம். தமிழ்நாட்டில் 1997-ஆம் வருடத்து மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பல் கிளினிக்கும் பதிவு செய்தாக வேண்டும். 2018-ல் அதற்கு விதிகள் வந்தன. கிளினிக்கில் சுத்தம் இல்லை, கருவி சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவ் இல்லை, அல்லது படிக்காதவர் வைத்தியம் பார்க்கிறார் என்றால் இந்தக் கதவு. போலி என்றால் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்வது 1948 சட்டப்படியே குற்றம்.

மூன்றாவது கதவு, தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். காசு கொடுத்துச் சிகிச்சை எடுத்து, கவனக்குறைவால் நஷ்டப்பட்டால் ஈடு கேட்கலாம். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. எல்லோருக்குமே இலவசமாகப் பார்க்கும் இடத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஒரே சம்பவத்துக்கு மூன்று கதவையும் தட்டலாம். ஆனால் கவுன்சிலிடம் போய் "என் பணத்தை வாங்கித் தாங்க" என்பதும், நுகர்வோர் ஆணையத்தில் "அவர் லைசென்ஸைப் பிடுங்குங்க" என்பதும் வீண் அலைச்சல்.

மனு எழுதுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஆட்கள் மனு எழுதினால் மூன்று பக்கம் கோபம் இருக்கும், மூன்று வரி விவரம் இருக்காது. "மனசாட்சி இல்லாத டாக்டர்" என்று எழுதினால் அதை யாரும் விசாரிக்க முடியாது. "இன்ன தேதியில் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் எடுத்தார். எழுத்துச் சம்மதம் வாங்கவில்லை. இன்ன தேதியில் பதிவு கேட்டு எழுதினேன், 72 மணி நேரம் கடந்தும் தரவில்லை" என்று எழுதுங்கள். அதை விசாரித்தே ஆக வேண்டும். பில், மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே ஆகியவற்றின் நகலை இணையுங்கள். அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பல் எடுத்த பிறகு இரண்டு நாள் வீங்குவது தப்பு அல்ல. வேர் சிகிச்சை செய்த பல் சில சமயம் கைவிடுவதும் உண்டு. நினைத்த பலன் வராததெல்லாம் கவனக்குறைவு ஆகாது என்பதை நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. கூட்டம் கூட்டிக் கிளினிக் முன்னால் சத்தம் போடுவதும், வாட்ஸ்அப்பில் டாக்டர் படத்தைப் போடுவதும் நியாயம் அல்ல. அவர் தரப்பைக் கேட்ட பிறகே பெயரை நீக்கலாம் என்று சட்டம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவரின் இருபது வருடப் படிப்பும் பிழைப்பும் அதில் இருக்கிறது.

ஒழுங்கு அமைப்பு விழித்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வெளிநாட்டு உதாரணம். 2013-ல் அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலத்தில் துல்சா என்ற ஊர். ஒரு நோயாளிக்குக் கல்லீரல் தொற்று வந்தது, பல் சிகிச்சையில் வந்திருக்கலாம் என்று சந்தேகம். அந்த மாநிலப் பல் மருத்துவ வாரியம் கிளினிக்குக்குள் போய்ச் சோதனை போட்டது. கருவி சுத்தத்தில் பல குறைகள் தெரிந்தன. சுமார் 7,000 நோயாளிகளை இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது உறுதியானது. ஒரே ஒரு நோயாளியின் தகவலில் தொடங்கியது இது. அந்தத் தகவல் போகாமல் இருந்தால், பல் பிடுங்கின பாம்பு மாதிரி அந்த வாரியமும் சும்மா கிடந்திருக்கும்.

2023-ல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 1948 சட்டத்துக்குப் பதிலாக வருவதற்கான சட்டம் அது. நெறிமுறைக்கும் பதிவுக்கும் தனி வாரியம் அதில் உண்டு. மாநிலக் கவுன்சில், அதற்கு மேல் வாரியம், அதற்கும் மேல் ஆணையம் என்று படிகள் இருக்கும். பெயரும் பிரிவு எண்ணும் மாறினாலும் நம் வேலை மாறாது. யார், எப்போது, என்ன செய்தார் என்று சொல்ல நம்மிடம் காகிதம் இருக்க வேண்டும்.

இனி முகாமுக்கு வருகிறேன். இலவசம் என்றவுடன் நாம் எதையும் கேட்பதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் பெண்களும், கரிசக்காட்டு வேலைக்குப் போகும் பெரியவர்களும் அன்றைக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவார்கள். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, வாய் பார்க்கும் கண்ணாடி எத்தனை கொண்டுவந்தார்கள் என்று யார் எண்ணுவது? நாம்தான் எண்ண வேண்டும்.

அதனால் தீர்மானத்தில் நான்கு வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். முகாமுக்கு வரும் டாக்டர்களின் பதிவு எண்ணை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். ஒருவர் வாயில் வைத்த கருவி, சுத்திகரிக்காமல் இன்னொருவர் வாய்க்குப் போகக் கூடாது என்பதற்கு என்ன ஏற்பாடு என்று கேட்க வேண்டும். முகாமில் பரிசோதனை மட்டும், பல் எடுப்பது கிடையாது. பார்த்த ஒவ்வொருவருக்கும் தேதியும், டாக்டர் கையெழுத்தும், பதிவு எண்ணும் போட்ட சீட்டு கொடுக்க வேண்டும்.

நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், அந்த முகாம் நமக்கு வேண்டாம்.



(உரைக்குப் பிறகு நான்கு வரிகளும் கூட்டத்தில் விவாதிக்கப்பட்டு, முகாம் தீர்மானத்தில் சேர்க்கப்பட்டன.)